எருது போட்ட ரோடும் இரும்பு போடாத பாலமும்

பெங்களூரைக் கட்டியவர் கெம்பே கவுடா என்பது பாடப்புத்தகச் செய்தி. களப்பணி முழுவதையும் செய்தவை எருதுகள். 1537 வாக்கில் யெலஹங்கா சீமையின் பிரபுவான கவுடா, தொட்டபேட்டேயும் சிக்கபேட்டேயும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் நான்கு ஏர் பூட்டி, வெள்ளை எருதுகளை நாலு திசைக்கும் ஓட்டச் சொன்னார். எருது போன தடம் தெரு, எருது நின்ற இடம் ஊர் வாசல் என்பது அங்கே வழங்கும் கதை. டெண்டர் இல்லை. திட்டச் செலவு நடுவழியில் இரட்டிப்பாகவில்லை. ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும் என்று யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் எருது அதைத் தின்றிருக்கும். சிக்கபேட்டேயில் இன்றைக்கு நடந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று விளங்கும்: பிற்காலத்துப் பொறியாளர்கள் போட்ட சாலைகளோடு ஒப்பிட்டால் எருதுகளைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது.

அதற்கப்புறம் நான்கு கோபுரங்கள் எழும்பின. லால்பாக் பாறை மேல் ஒன்று, அல்சூர் ஏரிக்கரையில் ஒன்று, கெம்பாம்புதி ஏரிப் பக்கம் ஒன்று, இன்றைய மேக்ரி சர்க்கிள் அருகே ஒன்று. முதல் கெம்பே கவுடா கட்டினாரா, பின்னால் வந்த வாரிசு கட்டினாரா என்று வரலாற்றுக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். இந்த நான்கையும் தாண்டி ஊர் வளர்ந்தால் நல்லதுக்கில்லை என்று ஒரு சொல் மட்டும் மக்கள் வாயில் நின்றது. ஊர் தாண்டிற்று. நல்லதுக்கா இல்லையா என்பதை மாலை ஆறு மணிக்கு மேக்ரி சர்க்கிளில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; அவருக்குப் பதில் சொல்ல நிறைய நேரம் இருக்கும்.

எல்லை வகுத்தவரும் மக்களைக் கேட்கவில்லை, எல்லை தாண்டியவரும் கேட்கவில்லை. மைசூர்ச் சீமையில் ஆளுகிறவர்கள் முதல் தடவையாக மக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து "என்னப்பா, என்ன குறை?" என்று கேட்டது 1881-ல்தான். கேட்டவர் நம்ம செங்கல்பட்டுச் சீமைக்காரர், திவான் ரங்காசார்லு.

ஐம்பது வருடம் மைசூரைத் தன் கையில் வைத்திருந்த வெள்ளைக்கார அரசு, 1881 மார்ச் 25 அன்று அதைப் பத்தாம் சாமராஜ உடையாரிடம் திருப்பிக் கொடுத்தது. மன்னருக்கு அப்போது வயது 18. வீட்டில் பெரியவர் என்று ஒருவர் வேண்டுமே, அவர்தான் ரங்காசார்லு. பதவிக்கு வந்து சில மாதங்களில் ஒரு காரியம் செய்தார். தசராவுக்கு மைசூரில் எப்படியும் கூட்டம் திரளும். அந்தச் சமயம் பார்த்துத் தாலுகா தாலுகாவாக நிலக்கிழார்களையும் வியாபாரிகளையும் வரவழைத்தார். அக்டோபர் 7 அன்று 144 பேர் கூடினார்கள். மைசூர் பிரதிநிதி சபை என்று பெயர். இந்திய சமஸ்தானங்களில் அந்த மாதிரி முதல் சபை அதுதான். மற்ற மகாராஜாக்கள் புலி வேட்டையிலும் வைர மாலையிலும் கவனமாக இருந்த காலம்.

சபையின் நடைமுறை எளிமையானது. வந்த வருமானம், போன செலவு எல்லாவற்றையும் திவான் வாசிப்பார். பிறகு உறுப்பினர்கள் எழுந்து, எங்கள் ஏரி தூர்ந்துவிட்டது, எங்கள் ரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது, வரி அதிகம் என்று மனு கொடுப்பார்கள். திவான் கேட்டுக்கொள்வார். ஓட்டெடுப்பு கிடையாது. கேட்டதைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆனால் நடந்த பேச்சைப் புத்தகமாக அச்சடிப்பார்கள். நம் குறை அச்சில் ஏறிவிட்டது என்று மனுதாரர் யானை ஊர்வலம் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வந்ததே பத்து வருடம் கழித்து, 1891-ல்.

ரங்காசார்லுவைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. 1883-ல் இறந்துபோனார், மனிதருக்குக் கிடைத்தது இரண்டு வருடத்துக்கும் குறைவு. அதற்குள் இதைச் செய்துவிட்டுப் போனார். கிண்டலுக்குரியவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். குடியாட்சி வந்து, அரசியல் சட்டம் வந்து, எல்லாருக்கும் ஓட்டு வந்து, பெங்களூரில் மட்டும் 1881-ஆம் வருஷத்து ஏற்பாடு பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டது: நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

1956-ல் கெங்கல் ஹனுமந்தையா விதான சௌதாவைக் கட்டி முடித்து, முகப்பில் 'அரசாங்கப் பணி தெய்வப் பணி' என்று பொறிக்க வைத்தார். அதற்குப் பிறகு ஆட்சேபனை மனு கொடுப்பது கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. தெய்வத்திடம் வேண்டிக்கொள்ளலாம், சூடம் ஏற்றலாம். ஓட்டெடுப்பு நடத்த முடியுமா?

அந்தத் தெய்வம் 2016-ல் ஒரு பாலம் கட்ட ஆசைப்பட்டது.

பெங்களூரின் புது விமான நிலையம் 2008-ல் வடக்கே தேவனஹள்ளியில் திறக்கப்பட்டது. விமானம் சென்னையிலிருந்து பெங்களூருக்கு வரும் நேரத்தைவிட, இறங்கியவர் வீடு போய்ச் சேரும் நேரம் அதிகம் என்ற நிலை. அதற்கு வைத்தியமாக பெங்களூர் வளர்ச்சி ஆணையம் ஒரு திட்டம் போட்டது: பசவேசுவரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.72 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு வழி மேம்பாலம், முழுக்க இரும்பில். மதிப்பீடு 1,791 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 266 கோடி. வழியில் நிற்கும் 812 மரங்களை வெட்ட வேண்டும். 2016 செப்டம்பர் 28 அன்று சித்தராமையா அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

பாலம் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். பசவண்ணர் பெயரில் உள்ள சர்க்கிள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செருப்புத் தைப்பவரையும் ஓடம் ஓட்டுபவரையும் அரசாங்க அதிகாரியையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டவர் என்று கன்னட நாடு கொண்டாடும் மனிதர். அவர் பெயரில் தொடங்கி, கோபுரம் வைத்து எல்லை கட்டிய கவுடாவின் மேக்ரி சர்க்கிள் வழியாகப் போகும் பாலத்துக்கு யாரைக் கேட்டார்கள்?

கேட்டார்களாம். ஆணையம் அப்படித்தான் சொன்னது. திட்டத்தை இணையதளத்தில் போட்டோம், கருத்துக் கேட்டோம், 299 மின்னஞ்சல் வந்தது, அதில் 73 சதவீதம் பேர் பாலம் வேண்டும் என்றார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 85 லட்சம் பேர் வாழும் ஊர். அதில் 299. அதிலும் வேண்டும் என்றவர்கள் ஏறக்குறைய 218. பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும். அங்கேயும் பந்தி நன்றாக இருந்தது என்று சொல்பவர்கள் 73 சதவீதம் தேற மாட்டார்கள்.

அந்த எண் வந்த தினத்தில் அலுவலகத்தில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அடிக்கடி கற்பனை செய்துகொள்கிறேன்.

"சார், மக்கள் கருத்து வந்திருச்சு."

"எத்தனை?"

"இருநூத்தித் தொண்ணூத்தொம்பது சார்."

"இன்னும் ஒண்ணு வந்தா ரவுண்டா முந்நூறு ஆயிடுமே? நீ ஒண்ணு போடேன்."

"முந்நூறுன்னா நாமளே போட்ட மாதிரி இருக்கும் சார். இருநூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னா நம்புவாங்க."

நம்பவில்லை. 'பெங்களூருக்கான குடிமக்கள்' என்ற பெயரில் ஒரு கூட்டணி சேர்ந்தது. நாடகக்காரர் பிரகாஷ் பெலவாடி போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். முழக்கம் ஒரே வரி: 'ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா', வேண்டாம் என்பதன் கன்னடம். அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. சாளுக்கியா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை, பாலம் வரவேண்டிய அதே தடத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் கை கோத்து நின்றார்கள். ஐடி கம்பெனிக்காரர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாய்க்குட்டியோடு வந்த மாமிகள். பெங்களூர் நடுத்தர வர்க்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக்கடையைத் தவிர வேறு இடத்தில் வரிசையில் நின்றது அபூர்வம். அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்டில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் பாதிப் பேருக்கு மேல் ஓட்டுப் போடவே வரவில்லை. ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்காத கால்கள், பாலத்துக்கு எதிரான வரிசையில் வலிக்க வலிக்க நின்றன.

இதற்கு அந்தக் கால்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. கவுன்சிலருக்குப் போடும் ஓட்டில் பாலம் வேண்டுமா என்ற கேள்வி இல்லை. பாலம் கட்டுவது மாநில அரசின் கீழுள்ள ஆணையம். அதில் கவுன்சிலருக்கு வேலையே இல்லை. எம்.எல்.ஏ.வுக்குப் போடும் ஓட்டில் பாலம், காவிரி, சாதி, இலவச அரிசி, வேட்பாளரின் மாமனார் எல்லாம் ஒன்றாகக் கரைந்திருக்கும். பாலத்தை மட்டும் தனியாக எடுத்துக் கேட்க இந்தியாவில் சட்டம் கிடையாது.

சுவிட்சர்லாந்தாக இருந்தால் இந்தக் கூட்டம் கை கோக்காமல் கையெழுத்துக்கு அலைந்திருக்கும். அங்கே 1891 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. அரசியல் சட்டத்தில் எதையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால், அந்த வாசகத்தைக் குடிமகனே எழுதலாம். 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்து சேர்த்தால், சரிபார்த்த பிறகு அது ஓட்டுச்சீட்டில் ஏறிவிடும். நாடாளுமன்றம் வேண்டுமானால் எதிர் யோசனை ஒன்று வைக்கலாம். தூக்கிக் குப்பையில் போட முடியாது. ஜெயிக்க, நாட்டு ஓட்டிலும் பெரும்பான்மை வேண்டும், மாநிலங்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும். பாலம், சாலை போன்ற உள்ளூர்ச் செலவுகளுக்கு மாநில அளவிலும் நகராட்சி அளவிலும் இதே மாதிரி ஏற்பாடுகள் உண்டு. அதாவது, கேள்வியை எழுதும் பேனா அரசாங்கத்தின் சட்டைப்பையில் மட்டும் இருக்காது. நடைமுறையின் சூட்சுமம் மொத்தமும் அதுதான். அரசாங்கம் கேள்வி கேட்டால் அதற்குப் பிடித்த பதில் வரும்படி கேட்கும். 299 மின்னஞ்சல் சாட்சி.

உடனே சுவிஸ்காரர்களுக்கு மாலை போட வேண்டியதில்லை. இந்த உரிமையைக் கையில் வாங்கி 1893-ல் அவர்கள் ஜெயித்த முதல் காரியம், மயக்கமடையச் செய்யாமல் விலங்குகளை அறுக்கக் கூடாது என்ற தடை. ஜீவகாருண்யம் என்றார்கள்; யூதர்களின் உணவு முறையை அடிப்பதுதான் உள்நோக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கு நாடளவில் ஓட்டு கொடுக்கலாமா என்று ஆண்கள் ஓட்டுப் போட்டு, சரி என்று சொல்லி முடிக்க 1971 ஆயிற்று. அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற குட்டி மாநிலத்தில் ஆண்கள் இடுப்பில் வாள் செருகிக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள். வாள்தான் வாக்காளர் அட்டை. 1990 ஏப்ரலில்கூட அவர்கள் கை தூக்கி, பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்றார்கள். அந்த வருடம் நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையில் குட்டித்தான் கொடுக்கவைத்தது. நேரடி ஜனநாயகத்தில் மக்கள் நேரடியாகவே முட்டாள்தனமும் செய்யலாம், இடைத்தரகர் தேவையில்லை.

சமயத்தில் அசர வைப்பார்கள். 2012-ல், வருடத்துக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுமுறை வேண்டுமா என்று கேட்டதற்கு மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். பெங்களூரில் இந்தக் கேள்வியை வைத்திருந்தால் ஓட்டுச்சாவடி கதவு பிய்ந்திருக்கும். 2018-ல், கொம்பை நீக்காமல் மாடு வளர்ப்பவருக்கு மானியம் தர வேண்டும் என்று அர்மின் கபால் என்ற விவசாயி ஒரு லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்த்து நாட்டையே ஓட்டுப் போட வைத்தார். 54.7 சதவீதம் பேர் எதிர்த்ததால் தோற்றார். தோற்றால் என்ன, ஒரு மாட்டுக்காரர் எழுதிய கேள்விக்கு ஒரு தேசம் பதில் எழுதியது. கெம்பே கவுடாவின் எருதுகளுக்குக்கூட அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1911-ல் இதைப் பிடித்துக்கொண்டது. சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி சட்டசபையை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்த காலம். கவர்னர் ஹைரம் ஜான்சன், கம்பெனி பிடியை உடைக்க மக்களிடமே சட்டம் போடும் உரிமையைக் கொடுத்தார். முந்தைய கவர்னர் தேர்தலில் பதிவான ஓட்டில் 5 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து சேர்த்தால் சட்டம் முன்மொழியலாம். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் 8 சதவீதம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஆள் வைக்கும் தொழிலே வளர்ந்துவிட்டது. 2020-ல் ஊபர் உள்ளிட்ட செயலி நிறுவனங்கள், தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்ற கேள்வியைத் தாங்களே ஓட்டுச்சீட்டில் ஏற்றி, 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, ஜெயித்தன. கம்பெனியை அடக்கச் செய்த சாட்டை நூறு வருடத்தில் கம்பெனியின் கைக்கே வந்து சேர்ந்தது. பெங்களூரில் இந்த உரிமை இருந்திருந்தால், ஃபோரம் மால் வாசலில் மேசை போட்டு, கையெழுத்துக்கு ஒரு பிரியாணி கூப்பன் கொடுக்கும் புத்தொழில் நிறுவனம் ஒன்று கோரமங்களாவில் முளைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் பக்கத்திலும் பொதுவாக்கெடுப்பு நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம், மகாராஷ்டிரத்தோடு சேர்கிறீர்களா, யூனியன் பிரதேசமாகவே இருக்கிறீர்களா என்று டெல்லி கேட்டது. சேர்வதற்குப் பூச் சின்னம். தனியாக இருப்பதற்கு, மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரட்டை இலை. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்க இன்னும் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தது. இரட்டை இலை 34,021 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்தச் சின்னத்துக்கு அப்போதே ராசி. இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று ஜெயவர்த்தனா, நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே ஆறு வருடம் நீட்டிக்கலாமா என்று கேட்டார். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். யாழ்ப்பாணம் குடத்தை நிரப்பிக் கொடுத்தது. நாடளவில் விளக்கு 54.66 சதவீதம் வாங்கி ஜெயித்தது. தேர்தல் வேண்டாம் என்று முடிவு செய்ய ஒரு தேர்தல் நடத்திய சாமர்த்தியம் அது. இரண்டிலும் கேள்வி மேலிருந்து வந்தது. மக்களுக்குக் கிடைத்தது படம் போட்ட பதில்தாள் மட்டும்.

கேள்வி கீழேயிருந்து கிளம்பி, சட்டப்படி ஓட்டுச்சீட்டில் ஏறும் இடம் இந்தியாவில் எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு. சாராயக் கடை. மகாராஷ்டிரத்தில் ஒரு கிராமத்திலோ வார்டிலோ பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு, கடையை மூடு என்று மனு கொடுத்தால், கையெழுத்துகளைச் சரிபார்த்துவிட்டு அதிகாரிகள் ரகசிய ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படம்: நின்ற பாட்டில், படுத்த பாட்டில். நின்றால் கடை நிற்கும், படுத்தால் கடை படுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளக்கவுரை தேவையில்லை. அவர் வீட்டில் எது தினமும் நின்று எது படுக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? கடை மூட வேண்டுமானால் பட்டியலில் உள்ள பெண்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டாக வேண்டும். வந்தவர்களில் பாதி என்றால் போதாது. அத்தனை பேரை ஒரு நாள் வயல் வேலையை விட்டுவிட்டு வரவைப்பதற்குள் சங்கத்துப் பெண்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். அப்படியும் மூடிக் காட்டிய ஊர்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் நூறு வருட அனுபவத்தை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு நுணுக்கமான சட்டம் இது. அதைப் பாட்டிலுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பாலத்துக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. குடித்தவன் விழுந்தால் குடும்பத்துக்கு நஷ்டம், பாலம் விழாமல் நின்றாலே ஊருக்கு நஷ்டம் என்ற வாதம் 2016-ல் பெங்களூரில் பலமாக இருந்தும்கூட.

பெங்களூருக்கு வருவோம். சட்டம் இல்லாத ஊர் சந்தையைக் கூட்டியது. 'பேக்கு பேடா சந்தே' என்று பெயர் வைத்தார்கள்: உனக்கு எது வேண்டும், எது வேண்டாம், வந்து சொல். அரசு நடத்தியிருக்க வேண்டிய கருத்துக் கேட்பை மக்களே நடத்திக்கொண்டார்கள். செல்லுபடியாகாத ஓட்டுதான், ஆனால் 299-ஐவிட நிறையப் பேர்.

பாலத்தின் கழுத்தில் கை வைத்தது சந்தை அல்ல, சென்னை. ஊர் கை கோத்து நின்ற நாளுக்கு ஒரு மாதத்துக்கும் சற்று முன்புதான், செப்டம்பர் 12 அன்று, காவிரித் தண்ணீர்த் தகராறில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பெங்களூரில் வரிசையாக எரிந்தன. சென்னையிலிருந்து எந்த உத்தரவும் வரக் கூடாது என்று கொதித்துக்கொண்டிருந்த ஊர் அது. அக்டோபர் 28 அன்று சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு பாலத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. இந்த முறை உத்தரவு எந்த ஊரிலிருந்து வந்தது என்று போராட்டக்காரர்கள் யாரும் கோபப்படவில்லை. தண்ணீரைக் கேட்டால்தான் தகராறு. பாலத்தை எடுத்துக்கொண்டால் நட்பு.

2017 பிப்ரவரியில் எதிர்க்கட்சி ஒரு டைரியைத் தூக்கிக்கொண்டு வந்தது. பாலத்தில் கமிஷன் கைமாறியதாகப் புகார். ஆளுங்கட்சி அடியோடு மறுத்தது. மார்ச் 2 அன்று பெங்களூர் வளர்ச்சித் துறை அமைச்சர் கே.ஜே. ஜார்ஜ் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஆதாரமில்லாத புகார்களால் அரசுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்பதே சொல்லப்பட்ட காரணம். கை கோத்தவர்கள் தங்கள் கைதான் ஜெயித்தது என்றார்கள். எதிர்க்கட்சி தன் டைரிதான் ஜெயித்தது என்றது. அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வருடம் சொச்சம்தான் இருந்தது என்பதை நாட்காட்டி சொன்னது. 812 மரங்கள் எந்தக் கட்சியிலும் இல்லாததால் கருத்துச் சொல்லவில்லை. ஓட்டெடுப்பு நடந்திருந்தால், யார் ஜெயித்தார்கள் என்றாவது தெரிந்திருக்கும்.

ஓட்டில் தோற்காத திட்டத்துக்குச் சாவும் கிடையாது. 2019 ஜனவரியில், குமாரசாமி முதல்வராகவும் பரமேசுவரா துணை முதல்வராகவும் இருந்தபோது, இரும்புப் பாலம் எழுந்து உட்கார்ந்தது. ஊர் மறுபடியும் பேடா என்றது. மறுபடியும் படுத்தது. சுவிட்சர்லாந்தில் மக்கள் ஒரு முறை தோற்கடித்ததை மறுநாளே தூக்கிக்கொண்டு வர அரசியல்வாதிக்குக் கொஞ்சமாவது கூச்சமாக இருக்கும். இங்கே தோற்கடித்தது யார் என்பதற்கே ரசீது இல்லை.

இதற்கிடையில் ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்க வேண்டிய சிரமத்தையும் அரசு ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்துவிட்டது. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10-ல் முடிந்தது. தேர்தல் வரவில்லை. வார்டு 198 என்றார்கள், 243 என்றார்கள், 225 என்றார்கள். வார்டு எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்ததில் வருடங்கள் போயின. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாக வெட்டினார்கள். அப்போதும் கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. 1881-ல் தாலுகாவிலிருந்து மனு கொண்டுவர 144 பேராவது இருந்தார்கள். 1992-ஆம் வருடத்து 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது. அதை உயிரோடு கூட்டவைக்க உயர் நீதிமன்றம் பலமுறை குரல் கொடுக்க வேண்டியிருந்தது. கவுன்சிலரே இல்லாத வார்டில் குழு கூடினால் தலைமை நாற்காலியில் உட்காருபவர் ஓர் அதிகாரி. நாற்காலி என்றதும் சத்தீஸ்கர் ஞாபகம் வருகிறது. அங்கே நகராட்சித் தலைவரைத் திருப்பி அழைக்க ஓட்டெடுப்பு நடந்ததுண்டு. சீட்டில் ஆள் உட்கார்ந்த நாற்காலி ஒரு படம், காலி நாற்காலி ஒரு படம். பெங்களூரில் அந்த ஓட்டெடுப்புக்கு வேலையே இல்லை. காலி நாற்காலி போட்டியின்றி ஜெயித்திருந்தது.

மேலே போக விடாததால் திட்டம் இப்போது கீழே போயிருக்கிறது. அதே ஹெப்பாளிலிருந்து, இந்த முறை தெற்கே சில்க் போர்டு வரை, சுமார் 16.7 கிலோமீட்டர் சுரங்கச் சாலை. மதிப்பீடு 17,000 கோடிக்கும் மேல். துணை முதல்வர் டி.கே. சிவகுமார் 2025 அக்டோபரில் லால்பாக்கில் காலை நடைக்கு வந்தவர்களோடு நடந்து குறை கேட்டார். 'டன்னல் ரோடு பேடா' என்ற பதாகைகள் தயாராகிவிட்டன. பழைய பதாகையில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும், துணிச் செலவு மிச்சம்.

ஒருவேளை புத்தி வந்து, மகாராஷ்டிரப் பாட்டில் சட்டத்தைப் பார்த்துக் காப்பியடித்து, சுரங்கத்துக்கு ஓட்டெடுப்பு வைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சின்னம் ஒதுக்க வேண்டும். வேண்டும் என்பவர்களுக்குப் பெருச்சாளி, வேண்டாம் என்பவர்களுக்கு மரம் என்று யாராவது சொல்வார்கள். உடனே அரசுத் தரப்பு, சுரங்கம் பூமிக்கு அடியில் போவதால் மரத்தைக் காப்பாற்றுவதே நாங்கள்தான், மரம் எங்களுக்கு வேண்டும் என்று மனு போடும். எதிர்த் தரப்பு, அதே காரணத்தால் பெருச்சாளியை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று பதில் மனு போடும். வழக்கு உயர் நீதிமன்றத்தில் எட்டு வாரம் தள்ளிப்போகும். அதற்குள் ஒப்பந்தக்காரருக்கு முதல் தவணை போயிருக்கும்.